சாயம் போகும் துணிக்கு மதிப்பு வந்த கதை

சித்திரை மாதத்து நண்பகலில் ஸ்ரீவைகுண்டத்துக் கடைவீதியில் நடந்து செல்லும் ஒருவரைக் கவனியுங்கள். இடுப்பிலே கட்டம் போட்ட பருத்திச் சாரம். தோளிலே ஈரிழைத் துண்டு. மற்ற ஊர்களில் கைலி என்றும் லுங்கி என்றும் வழங்கும் உடையைத்தான் நெல்லைச் சீமையில் சாரம் என்கிறோம். வெயிலுக்கு இதைவிட ஏற்ற உடை உண்டா என்று கேட்டால் இல்லை என்பார் அவர். ஆனால், இந்தக் கட்டத் துணிக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்றால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார்.

அவருடைய மகனோ மகளோ கைப்பேசியில் இணையக் கடைகளைப் புரட்டும்போது ஒரு வியப்பான காட்சியைக் காணலாம். பழைய கோடை உடைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் அங்கே உண்டு. அமெரிக்காவில் 1960-களில் தைக்கப்பட்ட மேற்சட்டைகள், அரைக்கால் சட்டைகள், தொப்பிகள் ஆகியவை அங்கே விலைக்கு வருகின்றன. அவற்றில் பல கட்டம் போட்ட பருத்தித் துணியால் ஆனவை. கட்டங்களின் நிறம் ஒன்றோடொன்று கலந்து மங்கியிருக்கும். இந்த மங்கலையே சிறப்பாகக் கூறி விற்கிறார்கள். துணியின் பெயர் 'மெட்ராஸ்'.

சாயம் போன துணியை நம் வீட்டில் கரித்துணியாக்கி அடுப்படிக்கு அனுப்புவோம். அதையே ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்குவோரும் இருக்கிறார்களே, அது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண இழையின் இயல்பையும், சாயத்தின் வேதியியலையும், நம் கடற்கரையின் வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

வெயிலுக்கு ஏற்ற இழை

மனித உடல் வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி உடலிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே கோடை உடைக்கு இரண்டு பண்புகள் வேண்டும். அது வியர்வையை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதைக் காற்றில் விடவும் வேண்டும்.

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறு நெடுகிலும் நீரை ஈர்க்கும் தொகுதிகள் உள்ளன. சாதாரணக் காற்றில் கிடக்கும் 100 கிராம் உலர் பருத்தி, 7 அல்லது 8 கிராம் நீரைத் தன்னுள் ஈர்த்து வைத்துக்கொள்கிறது. அதே நிலையில் பாலியெஸ்டர் இழை அரை கிராம் நீரைக்கூட ஏற்பதில்லை. இதனால்தான் செயற்கை இழைச் சட்டை வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொண்டு புழுங்குகிறது.

ஈரிழைத் துண்டையும் சாரத்தையும் நெய்யும் முறை எளிய முறையாகும். பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று என மாறி மாறி மேலும் கீழும் செல்லும். நூல்களுக்கு இடையே சிறு கண்கள் அமைகின்றன. அவற்றின் வழியே காற்று புகுந்து ஈரத்தை வெளியேற்றுகிறது. கனமில்லாத பருத்தித் துணியைச் சென்னைக் கரையிலிருந்து வாங்கிய அயல்நாட்டார் அதைக் கோடைத் துணியாகக் கொண்டதில் வியப்பில்லை.

துருவில் தப்பிய துணி

ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிரே, தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்குள்ள தாழிக்காட்டைத் தோண்டி, கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரையிலான காலத்தில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழாய்வு செய்தார். மண்தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொற்பட்டங்கள் ஆகியவற்றோடு துணியின் தடங்களும் அவருக்குக் கிடைத்தன.

துணி மண்ணில் நெடுங்காலம் நிற்பதில்லை. செல்லுலோசை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆனால் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் துணியின் கதை வேறு. இரும்பு துருப்பிடிக்கும்போது துருவின் உப்புகள் இழைக்குள் ஊறி, இழை அழிய அழிய அதன் வடிவத்தைத் தாம் எடுத்துக்கொள்கின்றன. செம்பு கலந்த உலோகமாக இருந்தால் அதன் உப்புகள் நுண்ணுயிர்களைக் கொன்று இழையைக் காக்கின்றன. இவ்வாறு ஒரு சிறு துண்டு துணியின் நெசவு அச்சுப் பதித்தாற்போல எஞ்சுகிறது. இவ்வூரில் பின்னாளில் எடுத்த மாதிரிகளை ஆய்ந்ததில், கி.மு. 905, கி.மு. 696 ஆகிய காலங்கள் 2019-இல் தெரியவந்தன.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். துருவில் ஒட்டிய துணிக்கு அழகு என்று ஒன்றும் இல்லை. அது கிடைத்த இடமும், கூடக் கிடைத்த பொருள்களும், தோண்டியவர் எழுதி வைத்த குறிப்புமே அதற்கு மதிப்பைத் தருகின்றன. குறிப்பு தொலைந்துபோனால் அது வெறும் துருத்துண்டு. இந்தப் பாடம் இணையக் கடைக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர் காண்போம்.

சாயம் போகாததால் வந்த புகழ்

ஐரோப்பியர் நம் கரைக்கு வந்தது மிளகுக்காக மட்டும் அன்று. துணிக்காகவும் வந்தனர். 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்காரரான பிரான்சிஸ் டே சென்னையில் இடம் பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், மற்ற இடங்களைக் காட்டிலும் இங்கே துணி 20 சதவீதம் மலிவு என்று அவர் கணக்கிட்டதுதான். 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரரும் முத்தோடு துணியையும் ஏற்றுமதி செய்தனர்.

சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளைக் கண்டு ஐரோப்பா மயங்கியதற்குக் காரணம் அவற்றின் சாயம் துவைத்தாலும் போகாது என்பதே. அக்காலத்து ஐரோப்பியச் சாயக்காரருக்குப் பருத்தியில் இப்படி நிலைத்த வண்ணம் ஏற்றத் தெரியாது. தங்கள் நாட்டு நெசவு நசிந்துவிடுமோ என்று அஞ்சி, 1686-இல் பிரான்சும், 1701-இலும் 1721-இலும் இங்கிலாந்தும் இந்த வண்ணத் துணிகளுக்குத் தடை விதித்தன. தடை போட்டும் ஆசை அடங்கவில்லை.

இந்தச் சிவப்பின் இரகசியம் ஒரு சிறு செடியின் வேரில் இருந்தது. சித்த மருத்துவத்தில் இம்பூரல் எனப்படும் செடி அது. தாவரவியலார் ஓல்டன்லாண்டியா அம்பெல்லேட்டா என்பர். கிழக்குக் கரையின் மணற்பாங்கான நிலங்களிலும், மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் வளரும் இதன் வேரைச் சாயவேர் என்றே மக்கள் அழைத்தனர். வேரில் அலிசரின் என்னும் நிறப்பொருள் உண்டு.

அலிசரின் தானாகப் பருத்தியில் நிலைக்காது. துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் சேர்ந்த கலவையில் நனைத்துக் காயவைப்பார்கள். பிறகு சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். அதன்பின் சாயவேர்த் தண்ணீரில் இட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் இழையையும் மறு பக்கம் அலிசரினையும் பற்றிக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள கால்சியமும் இந்தப் பிணைப்பில் சேருகிறது. இவ்வாறு உருவாகும் பொருள் நீரில் கரையாது; எனவே சாயம் போகாது. படிகாரம் போன்ற பொருள்களை நிறமூன்றிகள் என்கிறோம். எந்த ஊர்த் தண்ணீரில் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று பழைய சாயக்காரர்கள் கூறி வந்தது மூடநம்பிக்கை அன்று. அவர்கள் கால்சியம் என்ற பெயரை அறியாமல் அதன் பயனை அறிந்திருந்தார்கள்.

சோழமண்டலக் கரையில் பணியாற்றிய கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இந்த முறைகளை உள்ளூர்ச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்து 1742-இல் விளக்கமாக எழுதி அனுப்பினார். அக்கடிதம் அச்சாகி ஐரோப்பாவில் பலர் கைக்கும் சென்றது. எழுதியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலார் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டிய குடும்பங்களும் அவுரி பயிரிட்டவர்களும் தொழிலை இழந்தனர்.

கட்டத் துணியின் கடற்பயணம்

தீட்டிய துணிகளோடு இன்னொரு வகையும் கப்பல் ஏறியது. நூலிலேயே சாயம் ஏற்றிக் கட்டமாக நெய்த துணி அது. ஏறத்தாழ ஒரு கஜச் சதுரமாக வெட்டிப் பயன்பட்டதால் வணிகர் அதை 'மெட்ராஸ் கைக்குட்டை' என்றனர். நெய்யப்பட்டது ஆந்திரக் கரையின் சீராலை முதலான பல ஊர்களில். ஏற்றுமதித் துறைமுகத்தின் பெயரே துணியின் பெயராகிவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வாணிகம் நடந்த காலத்தில் மனிதரை வாங்குவதற்குக் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணியும் ஒன்று. இந்தக் கறையை மறைத்து இத்துணியின் வரலாற்றை எழுத முடியாது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இத்துணியை இன்ஜிரி என்று அழைத்துத் தங்கள் பிறப்பு, இறப்புச் சடங்குகளில் பயன்படுத்தினர். சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதிய கோலங்களை அதில் உண்டாக்கினர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் மார்டினிக், குவாடலூப், செயின்ட் லூசியா முதலான தீவுகளில் பெண்கள் இதைத் தலையில் கட்டினர். இன்று அது அங்கெல்லாம் மரபு உடையின் அங்கமாகும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தோடும் இத்துணியை இணைத்துச் சொல்வதுண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிகு யேல், 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் புத்தகங்களையும் சரக்கு மூட்டைகளையும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த மூட்டைகளில் பல வகைத் துணிகள் இருந்தன. அவற்றை எல்லாம் 'மெட்ராஸ் கட்டம்' என்று கூறுவது பின்னாளைய வணிகரின் மிகை எனலாம். பழந்துணி வாங்குவோர் இத்தகைய கதைகளைக் கேட்கும்போது சற்று நின்று யோசிப்பது நல்லது.

1958-இல் நடந்தது

இனிச் சாயம் போன கதைக்கு வருவோம். கேரளத்துக் கண்ணூரைச் சேர்ந்தவரும், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவருமான கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் அப்போது துணி ஏற்றுமதி செய்து வந்தார். 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து அவரைச் சந்தித்தார். பளிச்சென்ற நிறங்களும், தாவரச் சாயமும் எள்ளெண்ணெயும் கலந்த வாடையும் கொண்ட கட்டத் துணி அவரைக் கவர்ந்தது. கஜம் ஒரு டாலர் என்று பேரம் படிந்தது.

இத்துணியைக் குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் போகும் என்று நாயர் எச்சரித்தார். ஜேக்கப்சன் 10,000 கஜம் துணியை நியூயார்க்கின் புகழ்பெற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். அது 9 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம்! ஆனால் அந்த எச்சரிக்கை மட்டும் துணியோடு போய்ச் சேரவில்லை. சட்டைகளாகத் தைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் சுடுநீர் விட்டுத் துவைத்தார்கள். சிவப்பு மஞ்சளில் கலந்தது. நீலம் எல்லாவற்றிலும் படிந்தது. புகார்கள் குவிந்து வழக்கு வரை போகும் நிலை ஏற்பட்டது.

பின்னர் நடந்ததை நாயரே பல முறை கூறியிருக்கிறார். அமெரிக்க இதழ் ஒன்று அவரைப் பேட்டி கண்டு, துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் அற்புதக் கைத்தறித் துணி என்று இதைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதியது. 'சாயம் போவது உறுதி' என்ற பொருளில் விளம்பரங்கள் வந்தன. விளம்பர மேதை டேவிட் ஓகில்வியின் பெயரோடு அத்தொடரை இணைத்துச் சொல்வர். குறை என்று திருப்பிக் கொடுத்த துணியை மக்கள் தேடி வாங்கினார்கள். 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவரின் கோடை உடையாக அது விளங்கியது.

துணி மாறவில்லை; அதன் சாயமும் மாறவில்லை. முதலில் விட்டுப்போன அறிவு பிறகு வந்து சேர்ந்தது. அவ்வளவே வேறுபாடு. இதே காலத்தை அடுத்து நம் ஊர்களில் டெரிலின் சட்டைக்கு மவுசு ஏறி, பருத்தி உடுத்துவது வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும்.

ஏன் சாயம் போகிறது?

தாவரச் சாயம் என்றாலே கரையும் என்று சிலர் நினைக்கிறார்கள். சாயவேர்ச் சிவப்பு அப்படிக் கரைவதில்லை என்று முன்பே பார்த்தோம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் வேறு வகையானது. அது இழையில் நேரே ஏறிக்கொள்ளும். ஆனால் பிடிப்பு வலுவற்றது. சவர்க்காரம் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். அவுரி நீலமோ நீரிலே கரையாத பொருள். புளிக்க வைத்த தொட்டியில் ஆக்சிஜனை நீக்கினால்தான் அது கரைந்து நூலுக்குள் புகும். நூலை வெளியே எடுத்ததும் காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு மீண்டும் நீலமாகி உள்ளே தங்கிவிடும். ஆயினும் இழையோடு வேதிப்பிணைப்பு இல்லாமையால், மேலாகப் படிந்த துகள்கள் உராய்வில் உதிரும். நூலுக்குச் சாயமேற்றிய பிறகு நன்கு அலசாமல் விட்டாலும் தங்கிய சாயம் கரையும். ஆகவே ஒரே துணியில் ஒரு நிறம் நிலைக்கவும் மற்றொன்று ஓடவும் கூடும். கட்டத் துணி மங்கி ஒன்று கலக்கும் அழகு இப்படிப் பிறப்பதே.

இணையக் கடையில் பழந்துணி

கடைக்காரர் முன் உட்கார்ந்து துணியைத் தொட்டும், முகர்ந்தும், ஓரத்தை ஈரக் கைக்குட்டையால் தேய்த்தும் பார்க்கலாம். இணையத்தில் படமும் சொல்லும் மட்டுமே உண்டு. அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டறிவது வாங்குபவரின் கடமையாகிறது.

முதலாவதாக, துணியின் பின்புறப் படத்தைக் கேட்க வேண்டும். நூலில் சாயமேற்றி நெய்த துணியில் கட்டம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். அச்சடித்த போலியில் பின்புறம் வெளிறியிருக்கும். இரண்டாவதாக, தையல் மடிப்பின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெயில் படாத அந்த இடத்தில் பழைய நிறம் எஞ்சியிருக்கும். உள்ளும் புறமும் ஒரே அளவில் மங்கியிருந்தால், புதிய துணியை வேண்டுமென்றே வெளுத்தார்களோ என்று ஐயுறலாம். மூன்றாவதாக, நூலின் தடிப்பில் சிறு ஏற்றத்தாழ்வுகள் தென்படுகின்றனவா என்று நோக்கலாம். கைத்தறியில் அவை இயல்பு.

நான்காவது, உட்புறச் சீட்டு. துவைக்கும் முறையைக் கூறும் நிலையான சீட்டு உடையில் இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. எனவே அங்கு விற்ற ஓர் உடையில் அத்தகைய சீட்டு இருந்தால், அது 1960-களைச் சேர்ந்தது என்ற கூற்றை எளிதில் நம்பலாகாது. 1958-இல் விட்டுப்போன எச்சரிக்கையைத் துணியோடு சேர்த்தே தைக்கும் ஏற்பாடுதானே இது!

உடை கைக்கு வந்தபின் இழையைச் சோதிக்கலாம். தையலின் உள்ளிருந்து ஒரு நூலை உருவி, பெரியவர் ஒருவர் துணையோடு தீயில் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பல் ஆகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், பண்டம் எந்த நாட்டில் உருவானது என்ற விவரத்தை விற்பவர் தர வேண்டும் என்கின்றன. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பயன்படுத்திய ஆடைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆச்சியின் டிரங்குப் பெட்டி

பழைய மெட்ராஸ் சட்டையில் தையற்கடையின் பெயர் இருக்கும். துறைமுகத்தின் பெயர் இருக்கும். நெய்தவரின் பெயரோ, ஊரோ இருப்பதில்லை. இந்தக் குறையைச் சிறிதளவு போக்கவே இன்று சில ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. மதுரைச் சுங்குடிச் சேலை, தாமிரபரணித் தண்ணீரில் கோரையை ஊறவைத்து நெய்யும் பத்தமடைப் பாய், வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலை ஆகியவை புவிசார் குறியீடு பெற்றுள்ளன. செடிபுட்டா அதைப் பெற்றது 2023-இல். இவை ஊரின் பெயரைக் காக்கின்றன. கைத்திறன் உடையவரின் பெயரை யார் காப்பது?

அந்த வேலையைப் பள்ளி மாணவர்களும் செய்யலாம். விடுமுறையில் ஆச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள சேலை எந்த ஊரில் நெய்தது, யாரிடம் வாங்கியது, என்ன விலை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது, எப்படித் துவைப்பார்கள் என்று ஆச்சியிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதித் துணியோடு வையுங்கள். துணியைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டாம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஆண்டுக்கு ஓரிரு முறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விட்டால் போதும்.

ஆதிச்சநல்லூரில் இரும்பின் துரு ஒரு துணியின் நெசவைக் காத்துக் கொடுத்தது. அதை நெய்தவர் யார் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நம் வீட்டுத் துணியைப் பற்றிச் சொல்வதற்கு ஆச்சி இருக்கிறாள். அவள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கையில் இருக்கிறது.